முப்பத்தியொரு கோப்பைகள்

என் அறையின் மேல்படுக்கையை
ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றதும்
நிலையத்துக்கு நீளமாய் ஒரு கடிதம் எழுதினேன்:
அந்த இடத்தில் பன்னிரண்டு மாதிரிப் புட்டிகள் வைக்கலாம்,
அவை பேசாமல் கிடக்கும் என்று.
பதில் வரவில்லை.
ஒர்தென்சியா ஆயாவிரே வந்தார்.

காலாமா ஊர்க்காரர்.
மழை என்றால் படம் போட்டுக் காட்ட வேண்டிய ஊர் அது.
பெட்டியில் உடுப்பு கொஞ்சம்,
மீதியெல்லாம் நைலான் காலுறைக்குள் திணித்த
முப்பத்தியொரு தெர்மோகோல் கோப்பைகள்.
ஒன்றில் லாமா. ஒன்றில் சுரங்க லாரி.
ஒன்றில் ஒருவன் தன் பெயரை அத்தனை பெரிதாய்த் தொடங்கியதில்
இரண்டு எழுத்தோடு கோப்பை தீர்ந்துவிட்டது.

இரண்டு நாள் வாந்தி.
மூன்றாம் நாள் எலுமிச்சைத் துண்டைக் கடித்தபடி
என் திரைக்குப் பின்னால் வந்து நின்றார்.
"இது என்ன கோடு?"
நூறு மீட்டருக்குக் கீழே
ஆக்சிஜன் குறைந்த நீர்ப்படலம், அதன் செறிவு, அதன் சரிவு
என்று தொடங்கினேன்.
"மறுபடி சொல்லுங்கள். எனக்கு ஒன்பது வயது."

நான்கு முறை சொன்னேன்.
நான்காம் முறை என்னிடம் மிஞ்சியது
"அங்கே மூச்சுவிடக் காற்று இல்லை" மட்டும்.
அதை நோட்டில் எழுதிக்கொண்டு
கோட்டின் நடுவே ஒரு பல்லைத் தொட்டார்.
"இதை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?"
"அது இரைச்சல். கணக்கில் வராது."
"என் வகுப்பில் இரைச்சல் என்றால்
அது யாரோ ஒரு பிள்ளை. அதற்குப் பெயர் இருக்கும்."

எரிச்சலோடுதான் கருவியைக் கழற்றினேன்.
உறிஞ்சுகுழாயில், நகம் அகலத்துக்கு,
ஒரு ஜெல்லிமீனின் கிழிசல்.
கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.
குறிப்பேட்டில் மட்டும், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக,
இரைச்சல் என்று எழுதாமல்
இன்னது என்று எழுதினேன்.

கடைசி இறக்கத்தில் காலுறையையும் கட்டி அனுப்பினோம்.
நாலாயிரம் மீட்டர். வின்ச் விடிய விடிய முனகியது.
மேலே வந்தபோது
லாரி சுண்டிச் சுண்டுவிரல் அளவாகியிருந்தது,
லாமாவுக்குக் கழுத்து மட்டும் கோணல்.
தளத்தில் பரப்பி எண்ணினார்.
முப்பது.
காலுறையில் ஓர் ஓட்டை.
இரண்டெழுத்துக் கோப்பையைக் காணோம்.

"யெர்கோவிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

ஆகஸ்டில் போனேன்.
அன்தோஃபகாஸ்தாவிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்து,
வழி நெடுக ஆறுதல் வார்த்தை ஒத்திகை:
உன் கோப்பை ஆழத்துக்குப் பயணம் போயிருக்கிறது,
எந்த மனிதனும் தொடாத இடத்தை அது...
கரும்பலகை முன் நின்று சொல்லியும் முடித்தேன்.
யெர்கோ எழுந்தான். காதுமடல் வெயிலில் தோலுரிந்த பையன்.
"அப்படியென்றால் நீங்கள் கடலில் குப்பை போட்டீர்கள்."

ஒர்தென்சியாவைப் பார்த்தேன்.
அவர் ஜன்னல் வழியே லாரிப் புழுதியைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன்.
"மூழ்கியதா, மிதந்து போனதா?"
"தெரியாது."
ஒன்பது வயதுக்குச் சொல்ல
அதைவிடச் சுருக்கமான சொல் என்னிடம் இல்லை.

லாரிக் கோப்பையின் சொந்தக்காரி
அதைக் கொஞ்சம் யோசித்துத்தான் தந்தாள்.
ஜாடி வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது,
முப்பத்தியொரு தலைகள் மேசையை மூடின.
போடப் போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல்:
"அது கடல்தண்ணி இல்லையே!"

உப்புக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை.
யெர்கோ வெளியே ஓடினான்.
"ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம்?" என்று ஒர்தென்சியா
சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.
முப்பத்தைந்து என்று எழுதினேன்.
அதன் கீழே, யாரும் கேட்காமலே,
எங்கள் இறக்கத்தின் தேதியையும் அட்சரேகையையும் எழுதி
கோப்பை ஒன்று, போட்டவர்கள் நாங்கள்
என்றும் எழுதினேன்.